பார்த்தலோமே என்று பணம் வாங்கி டாஃப்னியைச் சுற்றிக் காட்டினார்கள்

ஈக்வடாரின் காலாபகோஸ் தீவுகளுக்குப் போகத் திட்டமிடுபவர்களே, இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். குறிப்பாக, கப்பலில் தங்காமல் சான்டா க்ரூஸ் தீவின் புவேர்ட்டோ அயோரா ஊரில் அறை எடுத்து, பகல் படகுகளில் தீவு பார்க்க நினைப்பவர்கள்.

நாங்கள் கேட்டது பார்த்தலோமே. சான்டியாகோ தீவை ஒட்டியிருக்கும் எரிமலைத் தீவு, மொத்தமே 1.2 சதுர கிலோமீட்டர்தான். மரப்படிகளில் 114 மீட்டர் உச்சிக்கு ஏறலாம், கீழே பினக்கிள் பாறையின் பக்கம் பெங்குயின்களோடு நீந்தலாம். பூமத்திய ரேகைக்கு அருகில் பெங்குயின் என்றால் யாருக்கு ஆசை வராது? கடற்கரைச் சாலையில் ஓர் ஏஜென்சி ஒருவருக்கு 220 டாலர் என்றது. தீவில் இறங்குவது, ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாயோடு நீந்துவது), வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை), மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கமாம். ரொக்கம் மட்டும்தான் வாங்கினார்கள். ரசீதில் தொகையும் தேதியும் இருந்தன, படகின் பெயர் இல்லை.

காலையில் வேன் படகு ஏறும் இடமான இட்டபாகா கால்வாயில் இறக்கிவிட்டது. படகு பழுதாம், வேறு படகு வருமாம். சரி, படகுதானே மாறுகிறது என்று ஏறினோம். அது டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவை ஒரு சுற்று சுற்றியது. பார்த்தலோமே எப்போது என்று கேட்டால், கடல் சரியில்லை, இன்றைக்கு இங்கேதான் என்றார்கள். கடலோ குளம் போலக் கிடந்தது.

டாஃப்னி ஒன்றும் சாதாரண இடமில்லை. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் பல பத்தாண்டுகள் குருவிகளின் அலகை அளந்து, பரிணாமம் கண்முன்னே நடப்பதைக் காட்டியது அங்கேதான். ஆனால் எங்களை மாதிரிப் பயணிகள் இறங்க முடியாது. படகிலிருந்து பாறையைப் பார்க்கவா 220 டாலர்?

அப்புறம் ஒரு வளைகுடாவில் நீந்தச் சொன்னார்கள். ஆகஸ்ட் மாதம், ஹம்போல்ட் நீரோட்டத்தின் குளிர் எலும்பில் ஏறியது. எனக்குக் கொடுத்த வெட்சூட்டில் ஜிப் மூடவில்லை, மனைவியின் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது. இதைவிட எரிச்சலூட்டியது கைடு என்று வந்தவர்தான். விலங்குகளிடமிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் சொல்லும் விதி. இவரோ கடலாமையைத் துரத்திப் போய் அதன் முதுகு ஓட்டைத் தொட்டுக் காட்டி, எங்களையும் தொடச் சொன்னார். தேசியப் பூங்காவின் அடையாள அட்டையைக் கேட்டோம், சிரித்தார்.

மறுநாள் பூங்கா அலுவலகத்தில் விசாரித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. எந்தப் படகு எந்த நாளில் எந்தத் தீவுக்குப் போகலாம் என்பதைப் பூங்காதான் நிர்ணயிக்கிறது. கேப்டன் நினைத்தபடி தீவை மாற்ற முடியாது. ஆகவே படகு மாறினால் தீவும் மாறிவிடும். எங்களை ஏற்றிய படகுக்குப் பார்த்தலோமே அனுமதியே கிடையாது. உண்மையான படகில் இடம் நிரம்பியிருந்தும் ஏஜென்சி டிக்கெட் விற்றிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால் பணம் கொடுக்கும் முன்பே படகின் பெயரைக் கேளுங்கள். அந்த நாளில் அது எங்கே போகும், தீவில் இறக்குவார்களா, சுற்றிக் காட்டுவதோடு சரியா என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள், அந்தத் தெருவில் ஏஜென்சிக்குப் பஞ்சமில்லை. வெட்சூட்டை முதல் நாள் மாலையே போட்டுப் பாருங்கள். துறையில் படகு மாறினால் ஏறாமல் அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஏறிவிட்டால் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது. 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணமே 200 டாலர். அதற்கு மேல் இப்படியும் இழப்பதற்கு யாரிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது?

ஏஜென்சிக்காரர் முதலில் கேப்டன் மேல் பழி போட்டார், பிறகு அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருகிறேன் என்றார். கடையில் வேறு வாடிக்கையாளர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் நின்று, நடந்ததைச் சத்தமாகச் சொன்னோம். தலைக்கு 80 டாலர் திரும்பி வந்தது. மீதி வரவில்லை.