ஆதன வரி: வீதத்தை உயர்த்துவதா, மறுமதிப்பீடு செய்வதா?

அட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை போன்ற இலங்கையின் மலையக நகர சபைகளின் பாதீட்டில் செலவுக்கு ஏற்ற வரவு இல்லாவிட்டால், வீடு, கடை போன்றவற்றுக்கு சபை அறவிடும் ஆதன வரியைக் கூட்டும் பேச்சு எழும். அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

வீதத்தை உயர்த்துவது எளிது. ஒரு கட்டடத்துக்கு ஓராண்டில் எவ்வளவு வாடகை கிடைக்கும் என்ற கணிப்பே அதன் வருடாந்தப் பெறுமதி. அது 20,000 ரூபாய், வீதம் 10% என்றால் வரி 2,000 ரூபாய். வீதம் 12% ஆனால் 2,400. சபை தீர்மானம் நிறைவேற்றி இதைச் செய்யலாம், வரவும் விரைவில் கூடும். ஆனால் பழைய பெறுமதியில் உள்ள அநீதி அப்படியே தொடரும். பிரதான வீதியில் மூன்று மாடியாக உயர்ந்த கடை பழைய ஒற்றை மாடிக் கணக்கிலேயே இருக்கலாம். மண்சரிவுக்கு அஞ்சி மேட்டில் வாழும் குடும்பமும் அதே விகித உயர்வைச் சுமக்க வேண்டும். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மற்ற வழி, வருடாந்தப் பெறுமதியைப் புதிதாகக் கணிக்கும் மறுமதிப்பீடு. அதை அரச விலைமதிப்புத் திணைக்களம் செய்கிறது. காலம் எடுக்கும், எதிர்ப்பும் வரும். ஆனாலும் நான் இதையே ஆதரிக்கிறேன், புதிய பெறுமதி வந்ததும் சபை வீதத்தைக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இல்லையென்றால் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் திணறிவிடுவார்கள்.

முழு ஆண்டு வரியை ஜனவரி 31-க்குள் செலுத்தினால் 10% கழிவு (தள்ளுபடி) உண்டு. எந்த வழியானாலும் அதைத் தவறவிட வேண்டாம். புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால், அதில் குறித்த காலத்துக்குள் எழுத்துமூலம் ஆட்சேபியுங்கள். அறிவித்தலைத் தமிழில் கேட்டுப் பெறுங்கள்.