கள்ளி விதைப் பெட்டி: விதைக்குக் காசு கொடுக்கலாம், மண்ணுக்குக் கொடுக்க வேண்டாம்

வீட்டிலேயே கள்ளி வளர்ப்பதற்கென்று இணைய அங்காடிகளில் முப்பது ரிங்கிட்டுக்குள் விற்கப்படும் விதைப் பெட்டிகளில் ஒன்றை வாங்கி, கோலாலம்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் சில மாதங்கள் பயன்படுத்தினேன். ஏறத்தாழ இதே பெட்டி வெவ்வேறு அட்டைகளில் பலரிடமும் கிடைப்பதால், விற்றவரின் பெயர் இங்கே தேவையில்லை. உள்ளே ஒரு பொட்டலம் கலப்பு விதை, நீரில் ஊறினால் பருத்து எழும்பும் பீட் (சதுப்புநிலத் தாவர மக்கு) வில்லைகள், மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் தட்டு, ஒரு குறிப்புத்தாள் ஆகியவை இருந்தன.

இவற்றுள் விதைகளைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தபோது, தொப்பி வடிவில் பளபளப்பாக இருந்த, ஆஸ்ட்ரோஃபைட்டம் என்னும் கள்ளி வகையின் விதைகளைச் சட்டென அடையாளம் காண முடிந்தது; மற்றவை பெரும்பாலும் கசகசாவை ஒத்த பொடி விதைகள். மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி, ஈரம் காத்து, வெளிச்சத்தில் வைத்ததில், ஆஸ்ட்ரோஃபைட்டம் சில நாட்களிலேயே முளைத்தது. பொடி விதைகளிலும் பாதிக்கு மேல் இரண்டு வாரங்களுக்குள் பச்சை உருண்டைகளாக எழுந்தன. ஆனால் எது எந்த இனம் என்று எங்கும் குறிப்பிடவில்லை. விரைந்து உயரும் செரியஸும் தரையோடு தரையாகக் கிடக்கும் மாமில்லாரியாவும் ஒரே தட்டில் வளர்ந்தால் எது எதை மறைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியின் பெருங்குறை பீட் வில்லைதான். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கும் இந்த ஊரில், அது குடித்த நீரை எளிதில் விடுவதில்லை. முதலில் மேற்பரப்பில் பாசி படர்ந்தது. பிறகு கொசுவைப் போன்ற சிறு கறுப்பு ஈக்கள் வந்தன. அதன்பின் நன்றாக இருந்த நாற்றுகள் அடித்தண்டு கண்ணாடி போல் கசிந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இது நாற்றழுகல் என்னும் பூஞ்சை நோய். தப்பித்தவறி முற்றிலும் காய்ந்துவிட்டாலோ, அதே பீட் நீரை உறிஞ்சவே மறுக்கிறது.

குறிப்புத்தாள் குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டது. இரவிலும் வெப்பம் 23 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் நகரத்தில், தட்டுக்கடியில் வெப்பப் பாய் விரிக்கவும் குளிர்காலத்தில் நீரை நிறுத்தவும் அது அறிவுரை கூறுகிறது. இங்குள்ளவர்களுக்கு உண்மையில் தேவைப்படும் செய்தி, வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூன் மாதத்தை ஒட்டியும், தெற்குப் பார்த்ததில் டிசம்பரை ஒட்டியும் நேர்வெயில் விழும் என்பதும், அந்த மாதங்களில் நாற்று சிவந்தால் நிழல்வலை கட்ட வேண்டும் என்பதுமே. அட்டைப்படத்தில் உள்ள செக்கச்சிவந்த உருண்டையையும் நம்ப வேண்டாம். பச்சையம் இல்லாத அந்த வகை தன் வேரில் வாழாது, டிராகன் பழக் கள்ளியின் தண்டில் ஒட்டுக்கட்டியே விற்கப்படுகிறது.

வாங்கியவர்கள் விதையை மட்டும் எடுத்துக்கொண்டு, மண்ணுக்குக் கோலாலம்பூரை அடுத்த சுங்கை பூலோ நாற்றங்கால்களுக்குச் செல்லலாம். 1930இல் தொடங்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பின் மக்கள் பிழைப்புக்காக வளர்த்தெடுத்த நாற்றங்கால்கள் அவை. சாலையோரம் நெடுக நிற்கும் கடைகளில் பியூமிஸும் (நுரைக்கல்) பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த எரிமலைக் கண்ணாடித் துகள்) கேட்டு வாங்கலாம். பியூமிஸ் பாதிக்கு மேலும், சலித்த தென்னை நார்த்தூள் மீதியுமாகக் கலந்து, இட்டலிச் சட்டியில் அரைமணி நேரம் அவித்து, ஆறவைத்து, அதன்மேல் விதைகளைத் தூவினேன். சட்டியை அதன்பின் சமையலுக்குத் திருப்ப வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. தொட்டியை ஜிப் பையில் அடைத்து, முதல் முட்கள் தெரிந்தபின் பையைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட்டேன். சாய்ந்தவை வெகு சில.

இனப்பெயர் எழுதிய விதைகளை உள்நாட்டிலேயே இருப்பு வைத்து விற்பவர்களிடம் வாங்குவது இன்னும் நல்லது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இறக்குமதி அனுமதி வேண்டும். விரைவில் பூ பார்க்க விரும்புவோர் மாமில்லாரியாவைத் தேர்ந்தெடுக்கலாம், சில ஆண்டுகளில் பூத்துவிடும். பொன்னிறப் பீப்பாய்க் கள்ளியை விதைப்பவர்கள் அதன் பூவுக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருக்கும்.