ஆண்டர்சன் தெருவில் பட்டமளிப்பு விழா அழைப்பிதழ்: ஒரு மதிப்பீடு

பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் பணிபுரியும் எனக்கு, செய்தியாளர் சந்திப்பு, சேர்க்கை விளம்பரம், ஆண்டறிக்கை என்று ஆண்டு முழுவதும் நீளும் வேலைகளில் மனத்தை மிகவும் அழுத்துவது பட்டமளிப்பு விழா அழைப்பிதழ்தான். செய்திக் குறிப்பில் பிழை நேர்ந்தால் அரை மணி நேரத்தில் திருத்தி மீண்டும் அனுப்பிவிடலாம். அச்சேறி உறையிலிட்டு அஞ்சலில் சேர்த்த அழைப்பிதழில் வேந்தரின் பெயருக்கு முன்னுள்ள அடைமொழியோ, இணைவேந்தர் பெயர் வரவேண்டிய வரிசையோ தவறிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. ஆகவே அதை எங்கே அச்சிடுவது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. சில ஆண்டுகளாக இந்த வேலையை சென்னை ஜார்ஜ் டவுனில் ஆண்டர்சன் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் முடித்து வருகிறேன். விலைப்புள்ளி பெற்று வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பதால் ஒரு கடையை மட்டும் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது முறையாகாது. அந்தத் தெருவையே மதிப்பிடுகிறேன்.

உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். தாள் வியாபாரிகளும் அழைப்பிதழ் அட்டைக் கடைகளும் அடுத்தடுத்து இருக்க, லேமினேஷன், மடிப்பு, தங்கத்தாள் பதிப்பு, பைண்டிங் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆட்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் இந்த வட்டாரத்தின் பெரிய பலம். நகரின் வேறு பகுதிகளில் உள்ள அச்சகங்கள் இந்த வேலைகளை வெளியே கொடுத்து வாங்கித் தருவதற்குள் இரண்டு நாள் போய்விடும். இங்கே காலையில் அச்சான தாள் மாலையில் மடிப்புக்குப் போவதை உடன் நின்று பார்த்திருக்கிறேன். சிறப்பு விருந்தினரின் பதவிப் பெயர் கடைசி நேரத்தில் மாறுவது எங்கள் பணியில் வழக்கமாக நடப்பது என்பதால், இந்த வேகம் எனக்கு மிகவும் தேவையானது.

தாளைக் கையால் தொட்டுத் தேர்ந்தெடுக்க முடிவது இரண்டாவது நன்மை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள ஆர்ட் அட்டை என்று விலைப்புள்ளியில் எழுதியிருப்பதும், கையில் வந்து சேரும் அட்டையும் ஒன்றா என்பதை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இங்குள்ள கடைக்காரர்களிடம் நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை என் துறையினர் அனைவருக்கும் சொல்வேன்: முதலில் உறையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அழைப்பிதழின் அளவை முடிவு செய்யுங்கள். ஆயத்த உறைகள் குறிப்பிட்ட சில அளவுகளில்தான் கிடைக்கின்றன. அட்டையை முதலில் அச்சிட்டுவிட்டு உறை தேடினால், தனியாக வெட்டி ஒட்டிச் செய்யவேண்டி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை காய்வதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். தாளும் ஈரம் இழுத்து வளைந்துகொள்ளும்.

குறை என்று நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது தமிழ் எழுத்துக்கோப்பைப் பற்றித்தான். தமிழ்நாடு அரசு 2010 ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக அறிவித்துவிட்ட பிறகும், பழைய எழுத்துருக் குறியீடுகளில் பழகிய கைகள் இன்னும் அவற்றை விடவில்லை. நாங்கள் ஒருங்குறியில் தட்டச்சு செய்து கொடுப்பதை அவர்கள் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டுப் பழைய எழுத்துருவுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த மாற்றத்தின்போது ஒருமுறை எங்கள் இணைய முகவரி முழுவதும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிட்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துருக்களில் இது நேரத்தான் செய்யும். ஒருங்குறியை ஏற்கும் மென்பொருள் வைத்திருப்பவர்களிடமும் முழு நிம்மதி கிடைப்பதில்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் நம் எழுத்துகளுக்கு உரிய பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. ‘வேந்தர்’ என்ற சொல்லே அப்படிச் சிதைந்து கிடந்ததைச் சரிபார்ப்புக்கான அச்சுப் படிவத்தில் பார்த்தபோது என் நெஞ்சு ஒரு கணம் நின்று போனது. பட்டம் வழங்கும் நிறுவனத்தின் பெயரால் செல்லும் தாளில் தாய்மொழி சிதைந்து வருவதை என்னால் சிறு பிழை என்று ஒதுக்க முடியவில்லை.

இதற்கு நான் கண்ட வழி, வடிவமைப்பைப் பல்கலைக்கழகத்திலேயே முடித்து, எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாக மட்டும் கொடுப்பது. பல்கலைக்கழக இலச்சினையையும் தெளிவு குறையாத மூலக் கோப்பாகக் கையோடு கொண்டுபோக வேண்டும். கொடுக்காவிட்டால், அவசரத்தில் இணையதளத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார்கள். திரையில் அழகாகத் தெரிந்தது அச்சில் மங்கலாக வரும். இலச்சினையில் தங்க நிறம் இருந்தால் நான்கு வண்ண அச்சில் அது பழுப்பு மஞ்சளாகத்தான் தெரியும். தனி மையோ தங்கத்தாள் பதிப்போ வேண்டும் என்பதை விலைப்புள்ளி கேட்கும்போதே எழுதிவிடுவது நல்லது. வண்ணத்தில் இவர்களுக்கு இருக்கும் தேர்ச்சியை நான் மனமார மதிக்கிறேன். ஒருமுறை இயந்திரத்தின் அருகே நின்றிருந்த முதியவர், “எழுத்த நீங்க பாத்துக்குங்க சார், கலர நான் பாத்துக்குறேன்” என்றார். சொன்னபடியே முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் நீலத்தில் வேறுபாடு தெரியாமல் அச்சிட்டுக் கொடுத்தார்.

அச்சுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் நான் அங்கேயே ஓர் ஓரத்தில் அமர்ந்து, உடன் வரும் சக ஊழியர் சத்தமாகப் படிக்க, ஒப்புதல் பெற்ற மூலப்படியுடன் ஒவ்வொரு பெயரையும் ஒப்பிடுவது வழக்கம். தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடியும் நிகழ்ச்சி நிரல்வரை படிக்கிறோம். இதற்காக ஒரு மணி நேரம் இயந்திரத்தை நிறுத்திவைக்கச் சொன்னபோதுகூட எவரும் முகம் சுளித்ததில்லை; நாற்காலியும் தேநீரும் கொடுத்திருக்கிறார்கள்.

விலை நியாயமானது. பிரதிகள் சில நூறுக்குள் அடங்கினால் டிஜிட்டல் அச்சு போதும். ஆயிரத்தைத் தாண்டினால் ஆஃப்செட்டில் ஒரு பிரதிக்கான செலவு வெகுவாகக் குறைகிறது. பெரிய கடைகள் ஜிஎஸ்டி பட்டியலை நிறுவனத்தின் பெயரில் முறையாகத் தருகின்றன. மடிப்பு, லேமினேஷன் செய்யும் சிறு ஆட்களிடம் துண்டுச்சீட்டுதான் கிடைக்கும். அதை வைத்து பில் சமர்ப்பித்தால் கணக்குத் தணிக்கையில் தடை வரும் என்பதால், மொத்த வேலையையும் ஒரே அச்சகத்தின் பட்டியலில் சேர்த்துத் தரும்படி தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

காரில் போவோருக்கு இந்தத் தெரு பெரும் சோதனை. தாள் கட்டுகளை ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளுக்கு இடையே காரை நுழைக்கவும் முடியாது, நிறுத்தவும் இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சென்ற முறை, அச்சடித்த கட்டுகளை அவர்களே ஆள் வைத்துச் சாலை முனைவரை சுமந்துவந்து எங்கள் வண்டியில் ஏற்றினார்கள். வழியில் தூறல் விழும் என்று ஒவ்வொரு கட்டையும் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றியிருந்தார்கள். அலுவலகத்தில் பிரித்தபோது ஓர் அட்டையின் முனைகூட மடங்கியிருக்கவில்லை.