மூன்று முறை பில் போட்டார்கள், பயாஸை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை

கம்ப்யூட்டர் அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுபோகிறது என்று சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என் கம்ப்யூட்டர் வேலை நடுவில் மட்டுமல்ல, சும்மா இருக்கும்போதும் தானாக ரீஸ்டார்ட் ஆனது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைக் குறியீடு. முதல் தடவை "ரேம் போயிடுச்சு" என்று புது ரேம் போட்டார்கள். நாலு நாள் தாங்கியது. அடுத்து மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினார்கள். மூன்றாவது தடவை என்னிடம் கேட்காமலே ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த அப்பாவின் படங்கள் அதோடு போயின. கேட்டால், "ஃபார்மட் பண்ணாம எப்படி சார் பார்க்கிறது?" என்கிறார்கள். அன்று மாலையே மறுபடி நீலத்திரை. பிறகு சொன்னது: "மதர்போர்டே அவுட், புதுசு வாங்கிடுங்க."

வாங்குவதற்கு முன்னால் நானே உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயாஸ் வெர்ஷன்/டேட்' என்று ஒரு வரி இருக்கும். பயாஸ் என்பது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள். என்னுடையதில் போர்டு வாங்கிய நாளில் இருந்த அதே பழைய பயாஸ். தயாரிப்பாளரின் தளத்தில் அதற்குப் பிறகு ஐந்து பதிப்புகள். இரண்டில் 'நிலைத்தன்மை மேம்பாடு, ரேம் பொருத்தம்' என்று தெளிவாக எழுதியிருந்தது. அப்டேட் செய்தேன். அப்டேட்டில் பயாஸ் அமைப்புகள் பொதுவாகத் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், வேகம் குறைந்துதான் சரியானதோ என்று சந்தேகப்பட்டு, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை மறுபடி ஆன் செய்தும் ஓட்டினேன். இரண்டு மாதமாக ஒருமுறைகூட நிற்கவில்லை.

பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுவது சில சமயம் பொருளையே கெடுத்துவிடும். என்னுடையது அந்த வகையில்லை, ஆனால் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் கிராஷ் ஆன பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் பயாஸ் வழியாகத்தான் மைக்ரோகோட் (பிராசஸருக்குள்ளேயே ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வந்தது. 1.55 வோல்ட்டுக்கு மேல் பிராசஸர் கேட்காமல் அது தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். இது தெரியாத கடையில் ரேம் ரேமாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நீங்களே அப்டேட் செய்வதானால் போர்டின் மாடலோடு ரிவிஷன் எண்ணையும் பார்த்து இறக்குங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வையுங்கள், அப்டேட்டுக்குப் பிறகு அதைக் கேட்கலாம், கீ இல்லையென்றால் டிஸ்க்கைத் திறக்க முடியாது. நடுவில் மின்சாரம் போனால் போர்டு உயிர்விடலாம், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். கடையில் கொடுத்தால், எந்த பயாஸ் பதிப்பு இருந்தது என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், ஃபார்மட் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள்.

என் பழைய ரேமைத் திருப்பிக் கேட்டேன். அதில் எந்தக் கோளாறும் இல்லை என்று இப்போது தெரிகிறது. "தூக்கிப் போட்டாச்சு" என்கிறார்கள்.