ஆறு கற்களில் உயிர்களின் வரலாறு: ஒரு புதைபடிவப் பெட்டியின் மதிப்புரை

பள்ளி மாணவர்களுக்கென இணையத்தில் விற்கப்படும் புதைபடிவப் பெட்டி ஒன்றை ரூ. 2,400 கொடுத்து வாங்கினேன். டிரைலோபைட் (கணுக்களாலான உடல் கொண்ட பழங்காலக் கடலுயிர்), அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட கடலுயிர்), ஆர்த்தோசெராஸ் (நேரான ஓடு கொண்ட கடலுயிர்), சுறாப்பல், கல்மரத் துண்டு, ஆம்பர் (காலப்போக்கில் இறுகிய மரப்பிசின்) என ஆறு மாதிரிகளும் ஒரு விளக்கத் தாளும் அதில் உள்ளன.

கொடுத்த பணத்திற்கு ஈடு செய்வது டிரைலோபைட்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வீலர் களிப்பாறையில் ஏராளமாகக் கிடைக்கும் எல்ராத்தியா கிங்கி என்னும் இனம் அது. வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள். கைலென்ஸில் பார்த்தால் உடற்கணுக்கள் தனித்தனியே எண்ணும் அளவுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. பிசினில் வார்த்த போலிகளைக் காட்டிக்கொடுக்கும் காற்றுக் குமிழிகள் எங்கும் இல்லை. அம்மோனைட்டும் குறை சொல்ல முடியாதது. நடுவே அறுத்து மெருகேற்றியிருப்பதால், அந்த விலங்கு வளர வளர ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு முன்னேறிய அறைகளையும், பின்னாளில் அவற்றில் படிந்த கால்சைட் படிகங்களையும் மாணவர்கள் நேரில் காணலாம். முன்னது 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலப் பேரழிவிலும், பின்னது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடும் அற்றுப்போயின என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தே கற்பித்துவிடலாம்.

மற்றவை அவ்வளவு நேர்மையானவை அல்ல. சுறாப்பல்லின் வேர் வேறொரு பல்லிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. பசையும் மணலும் கலந்த கோடு வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஆம்பர் எனத் தந்திருப்பதன் மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டதும் பிசுபிசுத்தது; அப்படியானால் அது இன்னும் முழுமையாக இறுகாத, வயதில் மிக இளைய கோப்பல் பிசினாகவே இருக்க வேண்டும்.

ஆயினும் என் முதன்மையான குறை விளக்கத் தாளைப் பற்றியது. வயதை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சிட்டவர்கள், எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் எடுத்தது என்பதை எதற்கும் குறிப்பிடவில்லை. வீலர் களிப்பாறை என்பதுகூட இனத்தைக் கொண்டு நானாக ஊகித்ததே. அடுக்கு தெரியாத படிவத்தின் வயதை யாரும் சரிபார்க்க முடியாது. அது மேசையை அலங்கரிக்கலாம், சான்றாகாது. தாளின் தலைப்பு ‘உயிர்களின் முழு வரலாறு’ என்கிறது. நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவான பாறைகளான மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் பழமையானவை என்னும்போது, டிரைலோபைட்டில் தொடங்கும் இந்தப் பெட்டி அவ்வரலாற்றில் ஏழில் ஆறு பங்கை விட்டுவிடுகிறது. பிற்காலத்து ஸ்ட்ரோமட்டோலைட் துண்டு ஒன்றையாவது ஆம்பருக்குப் பதில் சேர்த்திருக்கலாம்.

வாங்க விரும்புவோர் டிரைலோபைட்டையும் அம்மோனைட்டையும் கிடைத்த இடம் குறிக்கும் விற்பனையாளரிடம் தனித்தனியே வாங்குவது நல்லது. அரியலூர்ப் பக்கம் இருப்பவர்கள் அதற்கு முன் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடலாம். அந்த வட்டாரத்துப் பாறைகளில் கிடைத்த, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலுயிர்களின் படிவங்கள் அங்கே உள்ளன.