மூன்று முறை பார்த்தாயிற்று, என் ஓட்டு பட் ராபர்ட்ஸுக்கு

ஜாக் (JAG) என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து கடைசி வரை மூன்று முறை பார்த்துவிட்டேன். 10 சீசன், 227 எபிசோடு. ஒரு முறைக்கே 160 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் இரண்டு முறை டிவிடியில் பார்த்தேன். மூன்றாம் சீசன் தட்டு ஒன்றில் கீறல் விழுந்திருந்ததால், ஒரு கொலை வழக்கில் சாட்சி வாயைத் திறக்கும்போதெல்லாம் படம் உறைந்துவிடும். அந்த வழக்கு என்ன ஆனது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்கக் கடற்படைக்கு என்று தனிச் சட்டப் பிரிவு உண்டு. வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச் என்ற ஊரில் இருப்பதாகத் தொடரில் காட்டும் அதன் தலைமையகம்தான் கதைக்களம். 1995 செப்டம்பரில் என்பிசி சேனலில் ஆரம்பித்த தொடர் இது. ஒரே சீசனில் அவர்கள் கைகழுவிவிட, சிபிஎஸ் சேனல் எடுத்து 2005 ஏப்ரல் வரை ஓட்டியது. இன்று எல்லோருக்கும் தெரிந்த என்சிஐஎஸ் தொடர் இதன் வயிற்றில் பிறந்த பிள்ளைதான்.

நான் சொல்ல வந்தது கடைசி எபிசோடைப் பற்றி. அதில் கதாநாயகன் ஹார்முக்குக் கேப்டன் பதவி உயர்வோடு லண்டனுக்கு மாற்றல். கூடவே வேலை பார்க்கும் பெண் வக்கீல் மேக்குக்கு சான் டியேகோவில் ஒரு சட்ட மையத்தின் தலைமைப் பொறுப்பு. எட்டு வருடமாகப் பேசாமல் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும்தான் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறார்கள். யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும். யார் விடுவது? காசு சுண்டிப் பார்க்கிறார்கள். காசு மேலே போகிறது, அந்தரத்திலேயே நிற்கிறது, தொடர் முடிகிறது.

முதல் தடவை பார்த்தபோது ரிமோட்டைத் தூக்கிப் போட்டேன். அப்போது நான் ஹார்ம் கட்சி. போர் விமானி, அப்புறம் வக்கீல். அப்பா 1969இல் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, திரும்பி வரவில்லை. வருடா வருடம் அதே நாளில் வியட்நாம் போர் நினைவுச் சுவர் முன்னால் போய் நிற்பான். இருபத்தைந்து வயது ரசிகனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கோர்ட்டுக்குள் இயந்திரத் துப்பாக்கியால் கூரையைச் சுட்டான், அதற்கும் விசில் அடித்தோம். இப்போது பார்க்கையில், அந்த ஆள் பக்கத்து மேசையில் இருந்தால் நாலு நாள்கூடத் தாங்காது என்று தோன்றுகிறது.

இரண்டாம் முறை பார்த்தபோது மேக் பக்கம் சாய்ந்தேன். மரீன் அதிகாரி, குடியிலிருந்து மீண்டவள், பாரசீகம் பேசுவாள், கடிகாரம் பார்க்காமலேயே நேரம் சொல்வாள். ஆனால் எழுத்தாளர்கள் அவளுக்குச் செய்தது அநியாயம். ஹார்ம் அவளை முதலில் பார்த்து அதிர்வதற்குக் காரணம், அவள் அவனுடைய இறந்துபோன தோழி டயேன் ஜாடையில் அப்படியே இருப்பதுதான். டயேனாக நடித்ததும் அதே கேத்தரின் பெல்தான். ஆக, அந்தப் பெண் தொடருக்குள் நுழைந்ததே இன்னொருத்தியின் நிழலாக. 1999இல், அதே அலுவலகத்து பட்டின் குழந்தை பிறந்த அன்று, ஐந்து வருடம் கழித்தும் இருவரும் தனியாகவே இருந்தால் சேர்ந்து ஒரு பிள்ளை பெற்றுக்கொள்வோம் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கெடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை சம்பந்தப்பட்ட நோய், பிள்ளைக்கு வாய்ப்புக் குறைவு என்று கதையைத் திருப்பிவிட்டார்கள். எல்லாப் பாரமும் அவள் தலையில்தான் வந்து விழுகிறது.

மூன்றாம் முறைதான் அந்தக் காசை யார் சுண்டுகிறார் என்று கவனித்தேன். பட் ராபர்ட்ஸ். (தமிழில் வேற்றுமை உருபு சேர்த்தால் பட்டு ஆகிவிடுகிறார். பொருத்தம்தான், மனுஷன் பட்டுதான்.)

முதல் எபிசோடில் சீஹாக் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் மக்கள் தொடர்பு வேலை பார்க்கும் எடுபிடி அதிகாரி அவர். ஹார்மைக் கண்டாலே வாய் குழறும். விண்வெளித் தொடர்ப் பைத்தியம் வேறு. சிரிப்புக்காகச் சேர்த்த பாத்திரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த ஆள் சட்டம் படித்து வக்கீலாகிறார், கல்யாணம் செய்கிறார், பிள்ளை பெறுகிறார், ஒரு பிள்ளையைப் பறிகொடுக்கிறார். ஏழாம் சீசன் முடிவில் ஆப்கானிஸ்தானில் ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய்க் கண்ணிவெடியில் காலை இழக்கிறார். செயற்கைக் காலோடு திரும்பி வந்து அதே கோர்ட்டில் வாதாடுகிறார். ஹார்ம் பத்து வருடமும் ஹார்மாகவே இருந்தான். வளர்ந்தது பட் ஒருவர்தான்.

காசு ஏன் அவர் கையில் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இந்த அலுவலகத்தின் வழக்கம் என்னவென்றால், குற்றம் சாட்டும் வக்கீலும் காப்பாற்றும் வக்கீலும் ஒரே இடத்துப் பிள்ளைகள். அலுவலகத் தலைவர் அட்மிரல் செக்விடன் கோப்பைப் பிரித்துக் கொடுப்பார்: இன்று ஹார்ம் அரசுத் தரப்பு, மேக் எதிர்த்தரப்பு, அடுத்த வழக்கில் இடம் மாறும். பகலில் கோர்ட்டில் மல்லுக்கு நிற்பார்கள், மாலையில் ஒரே வராந்தாவில் நடப்பார்கள். அவர்கள் காதல் என்று நாம் பார்த்ததெல்லாம் வாதம்தான். ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காத இரண்டு வக்கீல்கள், தங்கள் சொந்த வழக்கு வரும்போது வாதாடவே மறுத்துவிடுகிறார்கள்! இத்தனை வருடம் இவர்கள் சண்டையை ஓரமாக நின்று பார்த்த பட் கையில் தீர்ப்பைக் கொடுக்கிறார்கள்.

இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி மனைவியிடம் சொன்னேன். மூன்றாம் சுற்றில் அவளும் கூட உட்கார்ந்து பார்த்தாள். அவள் முழுக்க மேக் கட்சி. பட் நல்லவர்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் காசு மேட்டரில் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. "ஹார்ம் அவளுக்குப் பாதிக்குப் பாதி சான்ஸாவது கொடுத்தானே, அதைச் சொல்லுங்க" என்றாள்.

2019இல் என்சிஐஎஸ்ஸின் கிளைத் தொடரான 'என்சிஐஎஸ்: லாஸ் ஏஞ்சலிஸ்'இல் ஹார்ம், மேக் இருவரையும் திரும்பக் கூட்டி வந்தார்கள். கல்யாணமே நடக்கவில்லை என்று தெரிந்தது. ரசிகர்கள் பாதிப் பேருக்குக் கோபம். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. வாதாடாமல் முடித்த வழக்கு அப்பீலில் நிற்காது.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: முதல் சீசனைப் பொறுமையாகத் தாண்டுங்கள், மேக் இரண்டாவதில்தான் வருகிறாள். விமானம் கப்பலில் இறங்கும் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். பத்தாம் சீசன் தொய்வுதான். அட்மிரல் செக்விடன் ஒன்பதாவதோடு ஓய்வு பெற்றுப் போனதும் அந்த அலுவலகமே களையிழந்துவிட்டது.

கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள், "ஏங்க, உங்களுக்குக் கோயம்புத்தூர் மாற்றல் வந்தப்ப, நான் ஸ்கூல் வேலையை விட்டேனே, அன்னிக்கு நீங்க காசு ஏதாவது சுண்டினீங்களா?"

நான் சமையல்கட்டுக்குப் போய் டீ போட்டேன்.