பத்து வருடமாக வாயேஜர் சிக்னல் பார்க்கிறேன்: ஒரு இன்வெர்ட்டர் மெக்கானிக்கின் அனுபவம்

காட்பாடியில் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் பார்க்கிறவன் நான். 2015 ஜூலையில் நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைத் தாண்டிய வாரம், அக்கா பையன் கடைக்கு வந்து என் போனில் நாசாவின் டிஎஸ்என் (தூரத்து விண்கலங்களோடு பேசும் டிஷ்களின் வலையமைப்பு) பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனான். "மாமா, எந்த டிஷ் எந்த விண்கலத்தோட பேசிக்கினு இருக்குன்னு இதுல தெரியும், பாரு" என்றான். அவன் மறந்துவிட்டான், நான் விடவில்லை. ஷட்டரைத் தூக்கி, டீ வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

அதில் என்ன இருக்கிறது என்றால், அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா என்று மூன்று ஊர்களின் டிஷ்கள். பூமி எப்படித் திரும்பினாலும் ஏதாவது ஒரு ஊர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக உலகத்தைச் சுற்றி ஏறக்குறைய சம இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். ஐந்து வினாடிக்கு ஒருமுறை விவரம் மாறும். டிஷ்ஷைத் தொட்டால் எந்தக் கலம், எவ்வளவு வேகத்தில் தகவல் வருகிறது, சிக்னல் போய் வர எவ்வளவு நேரம் என்று காட்டும். பழைய போனில் திறந்தால் போன் சூடாகும், அது என் போனின் குற்றம்.

நான் தேடுவது வாயேஜர்கள் இரண்டை மட்டும்தான். தூரத்துக் கோள்களைப் பார்க்க நாசா 1977-ல் ஏவிய இரட்டை விண்கலங்கள். வாயேஜர் 1 இப்போது ஏறக்குறைய 2500 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, சிக்னல் ஒரு வழி போக மட்டும் 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதாவது திங்கட்கிழமை காலையில் "நல்லா இருக்கியா" என்று கேட்டால் பதில் புதன்கிழமை காலை. வரும் தகவலின் வேகம் வினாடிக்கு 160 பிட். அதன் டிரான்ஸ்மிட்டர் 23 வாட், நம் பழைய டியூப்லைட்டே 40 வாட்.

ஆரம்பத்தில் ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். வாயேஜருக்கென்று தனியாக இருக்கும் நிலவரப் பக்கத்தில் பூமியிலிருந்து தூரம் ஓடிக்கொண்டே இருக்கும், வருடத் தொடக்கத்தில் சில மாதம் வாயேஜர் 1-இன் அந்த எண் கூடாமல் குறையும். சரி, மீட்டர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது: அது வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் விலகிப் போகிறது, பூமியோ சூரியனைச் சுற்றி வினாடிக்கு 30 கி.மீ. ஓடுகிறது, அந்த மாதங்களில் நாம்தான் அதைத் துரத்துகிறோம்.

என் தொழிலுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். அங்கே சூரிய வெளிச்சம் பிரயோஜனமில்லை, பேட்டரியை நம்பவும் முடியாது. புளூட்டோனியம் 238 சிதையும்போது வரும் சூட்டைத் தெர்மோகப்பிள்கள் கரண்டாக மாற்றுகின்றன. கிளம்பியபோது சுமார் 470 வாட் இருந்தது, இன்று பாதிக்கும் கீழே, இப்போதெல்லாம் வருடத்துக்கு 4 வாட் அளவில் குறைகிறது. புளூட்டோனியம் பாதியாக 88 வருடம் ஆகும் என்னும்போது இது எப்படி இவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்று எனக்கும் சந்தேகம் வந்தது. சரக்கு மட்டும் குறையவில்லை, சூட்டைக் கரண்டாக மாற்றும் தெர்மோகப்பிளும் தேய்கிறது. கடையில் தினம் பார்க்கிற கேஸ்தான், பேட்டரியை மட்டும் திட்டிவிட்டுப் போவார்கள், உள்ளே போர்டும் கிழடாகியிருக்கும்.

போன அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரிப் பெரியவர் ஒருவர் வந்தார். "நாலு வருஷம்கூட ஆவல நைனா, பேக்கப்பே நிக்கல." வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மூன்று ஃபேன், டிவி, போதாததற்கு மருமகள் கரண்ட் போன நேரத்தில் மிக்சி போடுகிறார். "பெரியவரே, பேட்டரி இன்னும் ஒரு வருஷம் வரும், எதை நிறுத்தறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றேன். டிவியைத் தவிர எதை வேண்டுமானாலும் நிறுத்தச் சொன்னார்.

வாயேஜர் ஆட்கள் இந்த முடிவை 1990-லிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பூமியை ஒரு புள்ளியாகக் காட்டிய அந்தப் படத்தொகுப்பை முடித்த கையோடு வாயேஜர் 1-இன் கேமராக்களை நிறுத்திவிட்டார்கள், அதற்கு மேல் படம் எடுக்க அங்கே எதுவும் இல்லை. அப்புறம் ஹீட்டர்கள். 2019-ல் வாயேஜர் 2-இல் காஸ்மிக் கதிர்க் கருவியின் ஹீட்டரை நிறுத்தினார்கள், கருவி மைனஸ் 59 டிகிரிக்குப் போனது, ஏவுவதற்கு முன் அதைச் சோதித்ததே மைனஸ் 45 வரைக்கும்தான், ஆனாலும் அளந்துகொண்டே இருந்தது. அதைப் படித்த அன்று நான் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று எதிரில் இருந்த டீக்கடைக்காரரிடம் சொன்னேன், அவர் "அப்படியா" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றினார். 2024 செப்டம்பரிலிருந்து 2025 மார்ச்சுக்குள் இரண்டு கலங்களிலும் சேர்த்து மேலும் மூன்று கருவிகளை நிறுத்தினார்கள். கலத்துக்குப் பத்துக் கருவியாகக் கிளம்பியதில் 2025 மார்ச்சில் தலா மூன்றுதான் மிச்சமிருந்தது.

இந்தப் பத்து வருடத்தில் என்னைத் தூங்கவிடாதது 2023 நவம்பர்தான். டிஷ்ஷில் வாயேஜர் 1 பெயர் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, பக்கத்தைப் பார்த்து எந்தக் கோளாறும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வந்தது வெறும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான ஒன்றும் பூஜ்ஜியமும். (இதுதான் அந்தப் பக்கத்தின் எல்லை: போன் மணி அடிக்கிறது என்று காட்டும், எதிர்முனையில் உளறுகிறார்களா என்று காட்டாது.) தகவலைப் பொட்டலம் கட்டும் கணினியில் ஒரு சிப் போயிருந்தது, நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் காலி. போய் மாற்ற முடியாது. அங்கிருந்த நிரலை மொத்தமாக வைக்க வேறு எங்கும் இடமில்லை என்பதால் துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்துகளில் எல்லாம் வைத்து, ஒன்றையொன்று கூப்பிடும் முகவரிகளைத் திருத்தி அனுப்பினார்கள். போர்டில் டிராக் கருகினால் நாங்கள் ஜம்பர் வயர் போடுவோமே, அதேதான், என்ன, டெஸ்ட் பண்ண இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 20-ல் ஒழுங்கான பேச்சு திரும்பி வந்தது. அன்று கடையில் இருந்த பையன்களுக்கு நான் ஏன் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. 1972-லிருந்து 50 வருடம் இந்தத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த எட் ஸ்டோன் அந்த ஜூனில் இறந்தார்.

மனிதத் தவறும் உண்டு. 2023 ஜூலையில் தவறான கட்டளை ஒன்று போய் வாயேஜர் 2-இன் ஆன்டெனா பூமியை விட்டு 2 டிகிரி விலகிவிட்டது. கான்பெராவின் டிஷ் முழுச் சக்தியையும் போட்டுக் கத்தியது, கத்தல் காதில் விழுந்ததா என்று தெரியவே 37 மணி நேரம். விழுந்தது. எனக்குப் பிடித்தது 2025 மார்ச் வேலை. வாயேஜர் 1-இல் 2004-லேயே செத்துவிட்டன என்று ஒதுக்கிய த்ரஸ்டர்கள் (கலத்தைத் திருப்பும் குட்டி ராக்கெட்டுகள்) இருந்தன, அவற்றின் ஹீட்டர் எரியாததுதான் காரணம். ஹீட்டர் போகவில்லை, ஏதோ ஸ்விட்ச் இடம் மாறியிருக்கும் என்று 21 வருடம் கழித்து ஒருவருக்குத் தோன்றியது, தட்டிப் பார்த்தார்கள், சூடு ஏறியது. எரியாத பொருளை உடனே தூக்கிப் போடாதே என்று என் பையன்களிடம் தலையால் அடித்துக்கொள்கிறேன்.

நம் மங்கள்யானையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குச் செய்தது, எட்டு வருடம் செவ்வாயைச் சுற்றியது. 2022 ஏப்ரலில் நீண்ட கிரகணத்தில் மாட்டியதோடு தொடர்பு போனது. எரிபொருளும் தீர்ந்திருக்கும் என்றார்கள். சோலாரும் பேட்டரியும் போட்ட வீட்டில் மூன்று நாள் மழை பெய்த மாதிரிதான்.

வாயேஜருக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு ஒட்டு உண்டு. ஜவ்வாது மலையில் வானாய்வகம் இருக்கும் காவலூர், அப்போது வட ஆற்காடு. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதற்கு வளையம் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. அதே வருடம் கிளம்பிய வாயேஜர் 2, 1986 ஜனவரியில் அந்த வளையங்களுக்குப் பக்கத்தில் போனது. காவலூரின் பெரிய தொலைநோக்கியைத் திறந்து வைத்ததும் அதே மாதம்தான்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. வாயேஜர் 2-ஐக் கான்பெராவில் மட்டும் தேடுங்கள், அது தெற்கே போய்விட்டதால் மற்ற இரண்டு ஊருக்கும் தெரியாது. வாயேஜர் 1 வடக்கே, ஓபியுகஸ் நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் இருக்கிறது. அந்த இடம் ஜூன் மாத நடுராத்திரியில் வேலூருக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் வரும். போன ஜூனில் கரண்ட் போய், என் வீட்டு இன்வெர்ட்டரும் கைவிட்டு, மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். அம்மா கேட்டாள், "நீ தெனம் பாக்கறியே, அது எங்கடா இருக்கு?"

"நேர் மேலம்மா."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலியேடா" என்று சொல்லிவிட்டு விசிறியை என்னிடம் கொடுத்தாள்.